1,300 வெள்ளி ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்: தத்துப்பூச்சி பார்க்கத் தேறுமா?

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் வாங்கியது 7 மடங்கிலிருந்து 45 மடங்குவரை பெருக்கிக் காட்டும் ஜூம் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப். கேமரா மாட்ட மேலே மூன்றாவது குழாய் உண்டு, கேமராவும் சேர்த்து 1,300 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). ஒரே உடம்புக்கு ஆளாளுக்கு ஒரு பெயர் ஒட்டி இணையத்தில் விற்கிறார்களே, அந்த ரகம்தான். என்னுடையதில் ஒட்டியிருந்த பெயர் முதல் முறை துடைத்தபோதே பாதி உரிந்துவிட்டதால் பிராண்டைப் பற்றிக் கேட்காதீர்கள். பூச்சி பார்க்க வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். ஒரு புதிய பூச்சியினத்தை விவரித்து எழுதுகிற வேலைக்குப் போதுமா? பாதிக் கிணறு தாண்டலாம், மீதிக்கு வேறு கருவி வேண்டும். அந்த இரண்டாவது கேள்வி ஒரு வாத்தியாரம்மாவுக்கு எதற்கு என்று நினைத்தால், கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஊர்ப் பெயர் 2007-இல் மாறினாலும் சந்தையில் காய் வாங்குகிறவர்களுக்கு அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனை. பால்மரக் காலத்துக் கதையெல்லாம் பெரியவர்கள் வாயில் மட்டும். என் அக்கா மகள் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் பூச்சியியல் மேற்படிப்புப் படிக்கிறாள். பிரேரி புல்வெளியில் பிடித்த ஒரு தத்துப்பூச்சி (செடியின் சாற்றை உறிஞ்சி வாழும், தொட்டால் குதிக்கும் பொடிப் பூச்சி) இதுவரை யாரும் பெயர் வைக்காத இனம் என்று தெரிந்து, அதற்கு விளக்கம் எழுதும் வேலை அவளுடைய ஆய்வுக்கூடத்தில் நடந்துகொண்டிருக்கிறது. என்ன பெயர் வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டால் மூச்சு விடமாட்டாள். "கட்டுரை வெளியாகிற வரைக்கும் சொல்லக்கூடாது சின்னம்மா, யாராவது பெயரை மட்டும் எங்கேயாவது போட்டுட்டா அப்புறம் குழப்பம்" என்பாள். நியாயம்தான். விலங்குப் பெயர்களுக்கான சர்வதேச விதிப்படி, மற்ற இனங்களிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது என்ற விளக்கம் இல்லாமல் அச்சேறிய பெயர் செல்லாது. அதோடு, எந்த ஒற்றை மாதிரியை வைத்து அந்த இனத்துக்குப் பெயர் சூட்டுகிறார்களோ அதைத் தெளிவாகக் குறிப்பிட்டு, அது எந்தக் காட்சியகத்தில் இருக்கும் என்றும் சொல்லியாக வேண்டும். பின்னால் சந்தேகம் வந்தால் உலகத்தில் யாரும் போய் அந்த ஒரே பூச்சியைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். மின்னிதழில் வெளியிட்டால் சூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிந்த எண்ணும் கட்டுரையில் இருக்க வேண்டும், அது 2012-இலிருந்து வந்த விதி.

ஒரு நாள் காணொளி அழைப்பில் அவள் மேசையைக் காட்டினாள். மூன்று மில்லிமீட்டர் பூச்சி, முக்கோணமாக வெட்டிய அட்டை நுனியில் ஒட்டி ஊசியில் குத்தியிருந்தது, மைக்ராஸ்கோப் வழியாக அதன் முகம். அன்றைக்குப் பிடித்த ஆசை. நம் வீட்டுக்குப் பின்னால் லாலாங் புல்லைக் கலைத்தால் பத்து திசையிலும் குதிக்கிறதே, அதையும் அப்படிப் பார்க்க வேண்டும் என்று.

கருவிக்குப் போவதற்கு முன்னால் அந்தப் புல்வெளியைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்தக் கருவியிடம் நான் எதிர்பார்த்தது அங்கேயிருந்துதான் வருகிறது. இல்லினாய்க்குப் பிரேரி மாநிலம் என்றே பட்டப்பெயர். இரண்டு கோடி ஏக்கருக்கு மேல் ஆளுயரப் புல் நின்ற மண். 1837-இல் ஜான் டியர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பை செய்தார், ஏரில் ஒட்டிக்கொள்ளும் அந்தக் கறுப்பு மண்ணையும் உழ முடியும் என்று ஆனது, அப்புறம் எல்லாம் மக்காச்சோளம், சோயா. இன்றைக்கு அங்கே உழாத நல்ல புல்வெளி பழைய பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மிஞ்சியது எங்கே என்று பார்த்தால், பழைய கல்லறைத் தோட்டங்களிலும் ரயில் பாதை ஓரங்களிலும். செத்தவர்கள் இருந்த இடத்தை மட்டும் கலப்பை விட்டுவைத்திருக்கிறது. (நம் தோட்டத்திலும் மருந்து அடிக்காத புல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், பழைய இடுகாட்டுப் பக்கம்தான் போய் நிற்பீர்கள்.) பிரேரித் தத்துப்பூச்சிகளில் பலவற்றுக்குச் சிறகு குட்டை. பறக்காது, குதிக்கும், அவ்வளவுதான். ஒரு துண்டுப் புல்வெளியில் இருப்பது நாலு மைல் தள்ளி இருக்கும் இன்னொரு துண்டுக்குப் போகவே முடியாது. புல்லின் அடித்தூரில் ஒண்டியிருப்பதால் வலை வீசினாலும் சிக்காது. இலை ஊதும் இயந்திரத்தைத் திருப்பி உறிஞ்ச வைத்து, குழாய் வாயில் வலைப்பை கட்டித்தான் அவள் பிடிக்கிறாளாம். இத்தனை பேர் இத்தனை வருடமாகப் பூச்சி பிடிக்கிற ஊரில் இன்னும் பெயரில்லாத இனம் ஒன்று தப்பித்து உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் இதுதான் என்கிறாள்.

சரி, கருவி. முதலில் நான் குறி வைத்திருந்தது 90 வெள்ளிக்கு வரும் யூஎஸ்பி பேனா ரகத்தை. 1,600 மடங்கு என்று பெரிதாகப் போட்டிருந்தது. அக்கா மகளுக்குப் படத்தை அனுப்பினேன், உடனே அழைப்பு வந்துவிட்டது: "சின்னம்மா, அதை வாங்காதீங்க, அந்த நம்பர் எல்லாம் திரையோட அளவையும் சேர்த்துப் போடுறது." பள்ளி அலமாரியில் அதே ரகத்தில் ஒன்று கிடந்ததால் சோதித்தும் பார்த்துவிட்டேன். அவள் சொன்னது சரி. கூட்டினால் உருவம் பெரிதாகிறது, விவரம் கூடவில்லை. அதைவிடப் பெரிய தொல்லை, லென்ஸைப் பூச்சியின் மேல் கிட்டத்தட்ட முட்டக் கொண்டுபோக வேண்டியிருக்கிறது, பிறகு ஊசியால் காலைப் பிரிக்கக் கையை எங்கே வைப்பது?

ஸ்டீரியோ ரகத்தின் முழு அருமையும் அங்கேதான். லென்ஸுக்கும் பூச்சிக்கும் நடுவில் பத்து சென்டிமீட்டர் இடைவெளி. இரண்டு கையும் உள்ளே போகும், தூரிகை பிடிக்கலாம், ஊசி பிடிக்கலாம். இரண்டு கண்ணுக்கும் தனித்தனி ஒளிப்பாதை என்பதால் மேடு பள்ளம் தெரிகிறது. உருவம் தலைகீழாகவும் இல்லை. பள்ளியில் இருக்கும் சாதாரண மைக்ராஸ்கோப்பில் வலப்பக்கம் நகர்த்தினால் இடப்பக்கம் ஓடும், பிள்ளைகள் திணறிப் போவார்கள். இதில் ஆறாம் ஆண்டு மாணவர்கள் உட்கார்ந்த கையோடு எறும்பின் தாடையைத் திறந்து பார்த்துவிட்டார்கள். குறைந்த பெருக்கத்தில் சுமார் 28 மில்லிமீட்டர் அகலம் கண்ணுக்குத் தெரியும், முழு 45-இல் அது நான்கரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே இறங்கும். ஒரு தத்துப்பூச்சி அந்த வட்டத்தை ஏறக்குறைய நிரப்பிவிடும், ஆகவே முழு உடம்பைப் பார்க்கிற வேலைக்கு இதற்கு மேல் தேவையும் இல்லை. திருகிகள் கனமாக, சொதப்பாமல் சுற்றுகின்றன. ஒரு முறை கூர்மையைச் சரிசெய்துவிட்டால் ஜூமைக் கூட்டிக் குறைத்தாலும் கலங்குவதில்லை. இந்த விலைக்கு இதை நான் எதிர்பார்க்கவில்லை. தூணும் அடித்தட்டும் இரும்பு, கொசு மருந்து வண்டி வாசலில் போனாலும் மேசை ஆடும் என் வீட்டிலேயே உருவம் அசையாமல் நிற்கிறது.

ஆனால் கூட வந்த விளக்கு, அதுதான் இந்தப் பெட்டியிலேயே மோசமான பொருள். வளைய வடிவ எல்இடி. வெளிச்சத்துக்குக் குறைவில்லை, கூடுதலே. தத்துப்பூச்சியின் உடம்பு மினுமினுப்பானது. வளையத்தைப் போட்டால் தலைமேல் வெள்ளைப் புள்ளி புள்ளியாகப் பிரதிபலிப்பு, அதற்கு அடியில் இருப்பது எல்லாம் அழிந்துவிடுகிறது. அழிவது என்ன தெரியுமா, இந்தப் பூச்சிகளைப் பிரித்தறிய எந்த விளக்கமும் முதலில் பிடித்துக்கொள்கிற சங்கதி: முகத்தில் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய வரம்புகள். நடுவில் ஒன்று, ஓரத்துக்கு ஒன்று. நடுவரம்பு எந்த உயரத்தில் இரண்டாகப் பிரிகிறது, முகம் எங்கே அகலமாகிறது, உச்சந்தலையின் நீளத்துக்கும் அகலத்துக்கும் என்ன விகிதம், இப்படித்தான் எழுதிக்கொண்டு போவார்கள். நிறத்தை யாரும் அவ்வளவாக நம்புவதில்லை, செத்தபின் வெளுக்கும், இளசுக்கும் முதிர்ந்ததுக்கும் மாறும். வரம்பு மாறாது. அதைத்தான் இந்த விளக்கு காட்ட மறுக்கிறது.

வழி ரொம்ப மலிவு. தௌஃபூ ஃபா (சோயாவில் செய்த இனிப்பு) வாங்கும்போது தருவார்களே, பால் போல மங்கலான பிளாஸ்டிக் கிண்ணம், அதன் அடிப்பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு வளையமாகப் பூச்சியைச் சுற்றி வைத்தேன். வளைய விளக்கை அணைத்துவிட்டு, பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதும் மேசைவிளக்கு இரண்டை இரு பக்கமும் சாய்த்துக் கிண்ணத்தின் வெளிச்சுவரில் அடிக்க விட்டேன். ஒரு பக்க விளக்கை மட்டும் கொஞ்சம் தள்ளி வைத்தால் மெல்லிய நிழல் விழுகிறது. அப்போது பாருங்கள், வழவழவென்று இருந்த முகத்தில் மூன்று வரம்பும் எழுந்து நிற்கிறது, நடுவரம்பு உச்சிக்குப் பக்கத்தில் கவட்டை மாதிரி பிரிவதுகூடத் தெரிகிறது. அதே லென்ஸ், அதே பூச்சி. நீங்கள் கருவிக்கு எவ்வளவு செலவழித்தாலும் சரி, வெளிச்சத்தை இப்படிப் பக்குவப்படுத்தவில்லை என்றால் காசு தண்டம் என்பது என் அபிப்பிராயம். விற்கிறவர்கள் மடங்கு மடங்கு என்று பேசுவார்கள், வெளிச்சத்தைப் பற்றி ஒரு வரி இருக்காது.

சோதனைக்கு லாலாங் பூச்சியை வைத்துக்கொண்டால் எனக்கே விடை தெரியாது, அதனால் பெயர் நன்றாகத் தெரிந்த ஒன்றைத் தேடினேன். தஞ்சோங் காராங் இங்கிருந்து தூரமில்லை, கடற்கரைப் பக்கம் முழுக்க நெல் வயல். கதிர் முற்றும் சமயம் ராத்திரியில் ஒட்டுக்கடை விளக்கடியில் நின்றால் போதும், நீளச் சிறகுள்ள புகையான் தானாக வந்து விழும். மலாய் விவசாயிகள் பெனா பேராங் என்பார்கள். வயலையே வட்ட வட்டமாகக் கருக வைக்கிற அதே பழுப்புத் தத்துப்பூச்சி, நிலாபர்வட்டா லூகன்ஸ், 1854-இல் ஸ்டோல் விவரித்தது. சாற்றை உறிஞ்சிக் காய வைப்பது போதாதென்று இரண்டு வைரஸ் நோயையும் பயிருக்குப் பரப்பும். வீட்டுக்காரர் தே தாரேக் குடித்து முடிப்பதற்குள் ஒரு சின்னப் போத்தல் நிறையப் பிடித்துவிட்டேன். கடைக்கார அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார், அது வேறு.

45 மடங்கில் பின்னங்காலைப் பார்த்தேன். நீண்ட கால் பகுதி முடிகிற இடத்தில், பாதத்துக்குப் பக்கத்தில், இலை வடிவத்தில் ஒரு பெரிய முள், ஓர் ஓரம் நெடுகப் பொடிப் பற்கள். ஊசியால் தொட்டால் அசைகிறது. இது இருந்தால் டெல்ஃபாசிடே குடும்பம், ஐயமே இல்லை. உலகம் முழுக்க இரண்டாயிரத்துக்கு மேல் இனங்கள் உள்ள குடும்பம், புல்லில் வாழும் தத்துப்பூச்சிகளில் பெரும்பாலும் இதுதான் கண்ணில் படும். பச்சைத் தத்துப்பூச்சிக்கு இந்த முள் கிடையாது, அதன் காலில் முள் வரிசை வரிசையாக இருக்கும், உணர்கொம்பும் கண்ணுக்குக் கீழே இல்லாமல் முன்னால் இருக்கும். இன்னும் கொஞ்சம் பொறுமையாக வெளிச்சத்தைத் திருப்பினால், பாதத்தின் முதல் கணுவின் பக்கவாட்டில் இரண்டு மூன்று குட்டி முட்கள். புகையான் இருக்கும் பேரினத்தின் அடையாளமே அந்தக் குட்டி முள்தான், பக்கத்திலேயே கிடந்த வெண்முதுகுத் தத்துப்பூச்சியின் பாதத்தில் அது இல்லை. 1,300 வெள்ளிக் கருவி இதைக் காட்டிவிட்டது. இதற்கு முழு மதிப்பெண்.

பிள்ளைகளுக்கு இதே பூச்சியைக் காட்டும்போது ஒருவன் "டீச்சர், இதுக்கும் கியர் இருக்கா?" என்றான். எங்கேயோ காணொளியில் பார்த்திருக்கிறான். இஸ்ஸஸ் என்ற ஐரோப்பியத் தத்துப்பூச்சியின் குஞ்சுகளுக்குப் பின்னங்கால் இரண்டின் அடியிலும் ஒன்றோடொன்று கோக்கும் பல்சக்கரம் உண்டு, குதிக்கும்போது இரண்டு காலும் ஒரே கணத்தில் உதைக்க. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பர்ரோஸ், சட்டன் இருவரும் 2013-இல் அதை விளக்கி எழுதினார்கள். வளர்ந்த பூச்சிக்கு அந்தச் சக்கரம் இருக்காது. இவன் கையில் இருந்தது வேறு குடும்பம், அதுவும் வளர்ந்தது. முகம் தொங்கிவிட்டது.

இனி குறைகள். இங்கேதான் பொழுதுபோக்காகப் பார்ப்பவருக்கும் விவரித்து எழுதுகிறவருக்கும் வழி பிரிகிறது.

அளவு எடுப்பது முதல் தலைவலி. விளக்கம் என்றால் பாதி எண்கள்தான்: தலை நுனியிலிருந்து சிறகு நுனி வரை, உச்சந்தலை, முகம், பின்னங்காலின் ஒவ்வொரு கணு, ஆண் இவ்வளவு பெண் இவ்வளவு. கண் வைத்துப் பார்க்கும் கண்ணாடிக் குழாய்க்குள் கோடு போட்ட அளவுகோல் தனியாக வாங்கிப் போட்டுக்கொள்ளலாம், ஆனால் அந்தக் கோடு ஒன்றுக்கு எத்தனை மில்லிமீட்டர் என்பது ஜூம் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. நல்ல கருவிகளில் ஜூம் திருகி 1, 2, 3 என்று ஒவ்வொரு இடத்திலும் 'டக்' என்று உட்காரும், ஒரு முறை கணக்குப் பார்த்து எழுதி வைத்தால் என்றைக்கும் அதுதான். இதில் டக் இல்லை. வழுக்கிக்கொண்டே போகிறது. 3 என்ற கோட்டுக்கு நேராக வைத்ததாக நான் நினைத்து இரண்டு முறை அளந்தால் இரண்டு விடை வருகிறது. ஒரு வழி உண்டு, ஜூமைக் கடைசிவரை திருகி 45-இல் முட்ட வைத்து அங்கே மட்டும் அளப்பது. சின்னப் பாகங்களுக்குச் சரி. உடம்பு நீளம் நாலரை மில்லிமீட்டரைத் தொட்டால் வட்டத்துக்குள் அடங்காது.

இரண்டாவது சங்கதி கருவியின் குற்றம் என்றுகூடச் சொல்ல முடியாது. இந்தக் குடும்பத்தில் இனத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஆண் பூச்சியின் பிறப்புறுப்பு. வெளியே பார்த்தால் அச்சு அசலாக ஒன்று போல இருக்கும் இரண்டு இனங்களுக்கு உள்ளே அது முற்றிலும் வேறு வேறு வடிவத்தில் இருக்கும். அதனால் அக்கா மகள் வயிற்று நுனியைக் கழற்றி, பத்து விழுக்காடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் ஊறவைத்து, சதை கரைந்து கூடு மட்டும் தெளிவானதும் கழுவி, கிளிசரினில் வைத்துத் திருப்பித் திருப்பி வரைகிறாள். பிறகு அதைக் கிளிசரினோடு ஒரு துளிக் குப்பியில் போட்டு, அதே பூச்சியின் ஊசியில் கீழே குத்திவிடுவார்கள், துண்டு தொலையாமல் இருக்க. (அந்தக் கரைசல் தோலை அரிக்கும். பள்ளிப் பிள்ளைகளோடு இதைச் செய்யாதீர்கள். நான் செய்தது வீட்டில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு.) புகையான் ஆண் ஒன்றை அப்படியே தயார் செய்தேன். 45 மடங்கில் வெளிப்புறம் இருக்கும் கொக்கி போன்ற இரண்டு பிடிப்பான்கள் தெரிகின்றன, அவற்றின் வளைவும் தெரிகிறது. உள்ளே இருக்கும் ஆண்குறித் தண்டு அரை மில்லிமீட்டர்கூட இல்லை, ஒரு பழுப்புக் கோடு என்று தெரிகிறதே தவிர அதன்மேல் இருக்கும் பல்லும் முள்ளும் பிரிந்து தெரியவில்லை.

இங்கேதான் விற்பனைக்காரர்கள் 20 மடங்குக் கண்ணாடிக் குழாயை நீட்டுவார்கள், மாட்டினால் 90 மடங்கு என்று. 80 வெள்ளி. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி மாட்டிப் பார்த்தேன், வாங்க வேண்டாம். மங்கலான கோடு இரண்டு மடங்கு பெரிய மங்கலான கோடாகிறது. விவரத்தைப் பிரித்துக் காட்டும் திறன் கீழே இருக்கும் லென்ஸ் எவ்வளவு அகன்ற கோணத்தில் ஒளியை வாங்குகிறது என்பதில்தான் இருக்கிறது, மேலே மாட்டுகிற கண்ணாடி அதைக் கூட்டாது. கீழே மாட்டும் 2 மடங்குத் துணை லென்ஸ் உண்மையிலேயே விவரத்தைக் கூட்டும், ஆனால் இடைவெளி மூன்று சென்டிமீட்டராகச் சுருங்கி ஊசி பிடிக்க இடமிருக்காது. ஆகவே கடைசியில் பள்ளியின் சாதாரண மைக்ராஸ்கோப்பில், 100 மடங்கில், குழிவான கண்ணாடித் தகட்டில் கிளிசரினோடு வைத்துத்தான் அந்தத் தண்டைச் சரியாகப் பார்த்தேன். பன்னாட்டு நெல் ஆய்வு நிறுவனம் இணையத்தில் இலவசமாகப் புகையான் விவரங்களை வைத்திருக்கிறது. படங்களோடு ஒத்துப்பார்க்க அங்கேயிருந்து தொடங்கலாம். பிரேரிப் பக்கத்துப் பூச்சிகளுக்கு டெலவேர் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் பார்ட்லெட் குழுவினரின் பக்கம், உலகத் தத்துப்பூச்சிகளின் மொத்தப் பெயர்ப்பட்டியலுக்குப் பாரிஸில் தியெரி பூர்குவான் தொடங்கிய ஃப்ளோ தளம். எல்லாம் இலவசம். கருவியை வாங்கிவிட்டு எதைப் பார்ப்பது என்று தெரியாமல் சர்க்கரையையும் உப்பையும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

கேமராவைப் பற்றி அதிகம் எழுதக் கை வரவில்லை. 48 மெகாபிக்சல் என்று பெட்டியில் இருக்கிறது, சென்சார் அத்தனை இல்லை, இருப்பதை ஊதிப் பெருக்கிக் காட்டுகிறது. அதைவிட எரிச்சல், கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும்போது திரையில் மங்கல், திரையில் சரிசெய்தால் கண்ணுக்கு மங்கல், நடுவில் இருக்கும் இணைப்புக் குழாயின் உயரம் சரியில்லை. இரண்டு வாஷர் கொடுத்துத் தூக்கிப் பார்த்தேன், ஓரளவுக்கு வந்தது. மூன்று மில்லிமீட்டர் பூச்சியில்கூட முகம் கூர்மையாக இருந்தால் சிறகு மங்கும் என்பதால், கட்டுரைகளில் வரும் படங்கள் எல்லாம் கூர்மையை மேலிருந்து கீழாகப் படிப்படியாக மாற்றிப் பல படம் எடுத்து ஒன்றாக அடுக்கிச் சேர்த்தவை. அதையும் இந்தக் கேமராவில் முயலலாம், செய்தும் பார்த்தேன், பள்ளிச் சுவரில் ஒட்டுகிற தரத்துக்கு வருகிறது. கைப்பேசியைக் கண்ணாடிக் குழாயில் வைத்து எடுத்த படம் அதைவிட நன்றாக இருக்கிறது என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

நம் ஊருக்கே உரிய ஒரு எச்சரிக்கை, இல்லினாய்க்காரர்களுக்கு இது புரியாது. பூசணம். மழைக்காலத்தில் தோலுறையில் வைத்த எதுவும் இங்கே ஒரு மாதத்தில் பச்சை பூக்கும், லென்ஸ் விதிவிலக்கு இல்லை. உள் லென்ஸில் பூசண இழை படர்ந்தால் துடைக்கவும் முடியாது. கூட வருகிற பிளாஸ்டிக் உறை தூசிக்கு மட்டும்தான், ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். தலைப்பகுதியை மட்டும் கழற்றி, அரிசி போட்டு வைக்கும் பெரிய மூடி டப்பாவில் சிலிகா ஜெல் பைகளோடு வைத்துவிடுகிறேன். நிறம் மாறும் ரகம் வாங்குங்கள், மாறியதும் சட்டியில் வறுத்துத் திரும்பப் போடலாம். பூச்சி மாதிரிகளுக்கும் அதே டப்பா, அத்தோடு அந்துருண்டை. எறும்புக்கு இந்த விஷயத்தில் இரக்கமே கிடையாது, ஒரு ராத்திரி மேசையில் விட்டால் காலையில் ஊசியும் அட்டையும்தான் மிஞ்சும்.

சின்னச் சாமான்கள் எல்லாம் டவுனிலேயே கிடைத்துவிட்டது. பூச்சியை அட்டை நுனியில் ஒட்ட நிறமில்லாத நகப்பூச்சு, உறிஞ்சிப் பிடிக்க மீன்தொட்டிக் குழாயும் ஒரு போத்தலும், முக்கோணம் வெட்டத் தடித்த வாழ்த்து அட்டை. மார்பின் வலது பக்கத்தில் ஒட்ட வேண்டும், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், இடது பக்கம் முழுசாகப் பார்க்கக் கிடைக்கும். பூச்சி ஊசி மட்டும் இணையத்தில்தான். துணி ஊசியில் குத்தாதீர்கள், துருப்பிடிக்கும்.

விற்றவரைப் பற்றி: பெயர் போடவில்லை. சாமான் சொன்ன நாளில் வந்தது, பொதிந்த விதம் பரவாயில்லை. வலது கண்ணுக்கான ரப்பர் மூடி பெட்டியில் இல்லை, விளக்கின் பிளக் இரண்டு கால் ரகம், நம் சுவருக்குச் சேராது. செய்தி அனுப்பினால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு பூங்கொத்துப் படம் வந்தது. விடாமல் கேட்ட பிறகு ரப்பர் மூடி வந்து சேர்ந்தது, பிளக்குக்கு நானே மின்சாமான் கடையில் மூன்று கால் மாற்றி வாங்கிக்கொண்டேன். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு இன்னொன்று: கண்ணாடியோடு பார்த்தால் வட்டத்தின் ஓரம் தெரியாது. கழற்றிவிட்டுப் பாருங்கள், இரண்டு குழாயிலும் கண் பார்வைக்குத் தக்கபடி திருகி இருக்கிறது.

ஆக, யார் வாங்கலாம் என்று கேட்டால், பள்ளி அறிவியல் கழகம், தோட்டத்தில் பூச்சி நோய் பார்க்கிறவர்கள், புகையானா பச்சைத் தத்துப்பூச்சியா என்று வயலில் சண்டை போடுகிறவர்கள், எல்லோருக்கும் இது போதும், தாராளமாகப் போதும். அக்கா மகள் செய்கிற வேலைக்குத் தயாராகிறவர்கள், ஜூம் திருகி டக்கென்று உட்காரும் பழைய ஜப்பானியக் கருவி எதையாவது பல்கலைக்கழகங்கள் கழித்துவிடும்போது பிடிக்கப் பாருங்கள். கேமரா இல்லாமல் இரண்டு கண் மட்டும் உள்ள இதே ரகம் 850 வெள்ளிக்கு இருக்கிறது. நான் இன்னொன்று வாங்கினால் அதைத்தான் வாங்குவேன், மிச்சத்தில் கழுத்தை வளைக்கக்கூடிய நல்ல மேசைவிளக்கு இரண்டும் சிலிகா ஜெல்லும். வாங்கும்போதே பிளக் மூன்று காலா என்று எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ரப்பர் மூடி இரண்டையும் எண்ணிப் பார்த்த பிறகு ஐந்து நட்சத்திரம் கொடுங்கள். நான் கொடுத்தது நான்கு.